மாத்திக்கு ஒரு ஞானோபதேசம்

போன கிழமை என் மகள் வேலையிலிருந்து கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். நுகேகொடையில் ஒரு கம்பனியில் இருக்கிறாள். கொம்பியூட்டருக்குள் ஓடுகிற செயலிகளை எழுதுகிற வேலை. இந்த மாதம் அவளுக்குப் புதிதாக ஒன்றும் எழுதக் கொடுக்காமல், ஏற்கெனவே இருக்கிற ஒரு சின்னச் செயலியின் விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டார்களாம். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், பெரிய பெரிய எழுத்துக் கோப்புகளை வெட்டி ஒட்டி மாற்றித் தருமாம் அந்தச் செயலி. அதற்கு விளக்கம் எழுதுவது தண்டனை மாதிரி என்றாள். ஒருவரும் வாசிக்காத ஒன்றை ஏன் எழுத வேண்டும் என்றாள்.

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. எத்தனை வருடத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறேன்! நானும் இப்படி ஒன்று எழுதினேன் பிள்ளை என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், என் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலையும் பார்த்தாள். நம்பவில்லை. நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம்பாததற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. நான் படித்தது ஓ லெவல் வரைக்கும். அதிலும் கணக்குப் பாடம் என் பக்கம் திரும்பிப் பார்த்ததே கிடையாது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் முடித்து, விடிய எழும்பினால் பூசை, பூசை முடிந்தால் சமையல், செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியார் நவநாள் என்று இருந்தவள் நான். என் அவர் துறைமுகத்தில் வேலை. அங்கே குண்டு வெடித்த காலத்தில் வேலை ஒழுங்கில்லாமல் போக, நானும் எங்கேயாவது போகத்தான் வேண்டும் என்று வந்தது. பங்குச் சுவாமியார் ஒரு கடிதம் தந்தார். அதைக் கொண்டுபோய் வெள்ளவத்தையில் ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். தாள் மடிக்கவும் நூல் கோத்துத் தைக்கவும் எடுத்தார்கள்.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கை. கீழே அச்சு இயந்திரம், மேலே கொம்பியூட்டர் அறை. வாசலிலேயே மண்ணெண்ணெய் மணக்கும். மை பிடித்த உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அந்த மணமும் கடல் காற்றின் உப்பும், மூலைக் கடையில் சுடச்சுட இறங்குகிற மீன் வைத்த மாலு பணிசின் மணமும் கலந்துதான் எனக்கு வெள்ளவத்தை. இப்போதும் எங்கேயாவது மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்குப் பசிக்கும். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்த அச்சகத்தின் பெரிய வேலை நினைவு மலர்தான். யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்களின் வீட்டில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஒரு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். முன்னால் காலமானவரின் படம், பிறகு தேவாரம், அவருடைய வாழ்க்கை, பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி. முப்பத்தோராம் நாள் என்றால் முப்பத்தோராம் நாள்தான். அடுத்த நாள் வந்த புத்தகம் வராத புத்தகம் மாதிரி. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அந்தப் புத்தகங்களைத் தைத்துத் தைத்தே எனக்குப் பாதித் தேவாரம் வாயில் வந்துவிட்டது. பங்குச் சுவாமியாரிடம் இதைச் சொன்னபோது, நல்லதுதானே பிள்ளை, செத்தவர்களுக்காகத்தானே என்றார்.

சண்டைக் காலம். அப்பா இங்கே செத்தால் பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில், ஒஸ்லோவில். அவர்கள் அங்கேயிருந்தே புலம்பலைத் தமிழில் அடித்து, யாரும் கொழும்புக்கு வந்தால் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். வழியில் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அந்தச் சின்னச் சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் விடுவார்கள். அப்படிப் பாடுபட்டு வந்ததை எங்கள் கொம்பியூட்டரில் போட்டால் ஒரு எழுத்து விளங்காது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அந்த நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியிருக்கும். லண்டனில் "அப்பா" என்று அழுதது எங்கள் திரையில் ஆணியும் கொக்கியும் கேள்விக்குறியுமாக வந்து நிற்கும். பிறகென்ன, கடதாசியில் எழுதியதை வேறாக வாங்கி முதலிலிருந்து அடிப்போம்.

இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சுதன் மாத்தியை எழுதினான்.

சுதன் யாழ்ப்பாணத்துப் பெடியன். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். அந்த லொட்ஜ்களில் அப்போது எல்லோருமே காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பகலில் ரோட்டில் திரிந்தால் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் முதலாளி அவனை அச்சகத்தில் வந்து இருக்கச் சொன்னார். முதலாளியும் யாழ்ப்பாணம். நெற்றியில் மூன்று குறியும், வாயில் எந்நேரமும் ஒரு முறுமுறுப்பும். ஆனால் மனசு வெண்ணெய்.

மாத்தி என்பது அவன் வைத்த பெயர். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும். லண்டன் எழுத்துருவில் இன்ன குறி வந்தால் எங்கள் எழுத்துருவில் இன்ன எழுத்து என்று வரிவரியாக ஒரு விதிக் கோப்பு தனியாக இருக்கும். மாத்தி அதைப் பார்த்துப் பார்த்து முழுப் புத்தகத்தையும் மாற்றிவிடும். நாங்கள் நாள் கணக்கில் அடிக்கிறதை அது கண் மூடித் திறக்க முன்னம் செய்யும். முதல் தடவை ஆணியும் கொக்கியும் தமிழாகத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது நான் நெஞ்சில் சிலுவை போட்டேன். தாள் மடித்துக்கொண்டிருந்த என்னை மேலே கூப்பிட்டு, விசைப்பலகைக்கு முன்னால் இருத்தியதும் சுதன்தான். என்னோடு மேலே இருந்தவள் ரிஸ்னா. கொம்பனித்தெருப் பிள்ளை, என்னிலும் வேகமாக அடிப்பாள், என்னிலும் வேகமாகக் கதைப்பாள்.

இனித்தான் கதை. விசா வந்துவிட்டது. சுதன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிகளில் பாய்ந்து பாய்ந்து ஏறி வந்தான். எல்லோருக்கும் மாலு பணிஸ். தின்று முடிய முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி போனாப் பிறகு இந்தப் பெட்டியை ஆர் மேய்க்கிறது?"

மாத்தியை ஓட்டத் தெரிந்தவன் சுதன் ஒருவன்தான். நாங்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். முதலாளி ஒளித்து வைக்கவில்லை. அவன் விமானம் ஏற முன்னம் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஓட்டக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பியூட்டரை விற்றுவிட்டு எழுத்து வேலையை வெளியே கொடுத்துவிடுவார். ரிஸ்னா வீட்டுக்கு, நான் கீழே தாள் மடிக்க. எனக்குத் தாள் மடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதிரையில் இருந்து பார்த்த பிறகு கீழே இறங்க மனம் வருமா, சொல்லுங்கள்.

சுதன் பயப்படாதீங்கோ என்றான். எல்லாம் எழுதி வைத்திருக்கிறானாம். ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஆங்கிலத்தில் நாலைந்து வரி. சதுர அடைப்புக்குறிகளும் அம்புக்குறிகளும். கடைசியில், மற்றதெல்லாம் பார்த்தாலே விளங்கும் என்று ஒரு வசனம்.

பார்த்தோம். விளங்கவில்லை.

ரிஸ்னா அதில் இருந்த சதுர அடைப்புக்குறிகளையும் சேர்த்து அடித்தாள். அது அடிக்கக் கூடாதாம், இந்த இடத்தில் உன் கோப்பின் பெயர் வரும் என்பதற்கு அடையாளமாம். அதை யார் சொன்னது? சுதன், அது எல்லோருக்கும் தெரியும்தானே அக்கா என்றான். இன்னொரு நாள் அவனே அவசரத்தில், உள்ளே போகிற கோப்புக்கும் வெளியே வருகிற கோப்புக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டான். முழுக் கோப்பும் வெறுமையாகப் போய்விட்டது. அப்படிக் கொடுக்கக் கூடாது என்பதும் தாளில் இல்லை. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதானாம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் முதல் வரியில் வந்தது. எங்கள் அச்சகத்தில் எந்தக் கோப்பைத் தொடங்கினாலும் முதலாளிக்குப் பிள்ளையார் சுழி வேண்டும். அவர் கண் முன்னால் "உ" அடித்த பிறகுதான் மற்றது. ரிஸ்னா தனியே இருந்து தொடங்கினால் சத்தமில்லாமல் எழுநூற்று எண்பத்தாறு போடுவாள். நான் கூட்டல் குறியைச் சிலுவையாக நினைத்துப் போடுவேன். அப்படியே பழகிய கைகள் விதிக் கோப்பிலும் முதல் வரியில் போட்டுவிட்டன. மாத்தி உடனே நின்றது. முதலாம் வரி விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம். ரிஸ்னாவினதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டோம். முதலாம் வரி விளங்கவில்லை. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, சுழியைத் தன் விரலாலேயே அடித்தார். அதே வசனம்.

"என்னடா தம்பி, உன்ரை மாத்திக்குப் பிள்ளையாரையே விளங்கேல்லையாம்?"

சுதன் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் நின்றான். முதல் வரியில் ஒன்றும் போடக் கூடாது என்று தாளில் ஒரு வசனம் கூட்டிவிடுகிறேன் என்றான். நாங்கள் மூன்று பேரும் ஒரே வாயாக இல்லை என்றோம். அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வாயாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லாமல் எப்படி ஒரு காரியத்தைத் தொடங்குவது?

அவன் பின்னேரம் முழுக்க யோசித்தான். அடுத்த நாள் வந்து, குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட குறி ஒன்றிருக்கிறதே, அதைப் போட்டுத் தொடங்குகிற வரியை மாத்தி பார்க்காது என்று மாற்றிவிட்டேன், அதற்குப் பின்னால் நீங்கள் விரும்பியதை எழுதலாம் என்றான். முதலாளிக்குத் திருப்தியில்லை. அது பார்க்காவிட்டால் எழுதி என்ன பிரயோசனம் என்று முறுமுறுத்தார்.

"மாத்தி பாக்காட்டி என்ன ஐயா. பாக்கிறவர் பாப்பார்தானே" என்றேன்.

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. தம்பி, இந்தத் தாளை நான் எழுதிப் பார்க்கட்டுமா என்று சுதனிடம் கேட்டேன்.

எனக்கு வேறு எழுத்து எழுதத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய, முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞானோபதேசம் என்றால் கேள்வியும் விடையும்தான். ஏழு வயதுப் பிள்ளையிடம் போய்ப் பார்த்தாலே விளங்கும் என்று சொல்ல முடியாது. அது எதைக் கேட்குமோ அதை நீங்களே முதலில் கேட்க வேண்டும். விடை சின்னதாக இருக்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவு. ஆகவே அப்படியே எழுதினேன்.

மாத்தி என்பது என்ன? ஒரு எழுத்துருவில் உள்ளதை இன்னொரு எழுத்துருவுக்கு மாற்றித் தரும் வேலைக்காரன்.

மாத்திக்குச் சொந்தப் புத்தி உண்டா? இல்லை. சொன்னதைச் செய்யும்.

பிழையாகச் சொன்னால் என்ன செய்யும்? பிழையையும் பிழையில்லாமல் செய்யும்.

உள்ளே போகும் கோப்புக்கும் வெளியே வரும் கோப்புக்கும் ஒரே பெயர் இருக்கலாமா? இருக்கவே கூடாது. இருந்தால் இரண்டும் போய்விடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற பஸ்ஸில் கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் கடதாசி வைத்து எழுதினேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினால் வரிசையில் நின்றபடி யோசித்தேன். அடுப்பில் கறி கொதிக்க, இரண்டு கேள்வி. ஒருநாள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறிகளுக்கு விடை வந்துவிட்டது. வாய் பார்க்கிற பக்கம் உள்ளே போகிற கோப்பு, முனை பார்க்கிற பக்கம் வெளியே வருகிற கோப்பு என்று. மாதாவே மன்னியும் என்று சொல்லி, மறக்க முன்னம் எழும்பிப் போய் எழுதினேன். கலியாணத்துக்கு முந்தின நாட்களில் கூட நான் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்ததில்லை. என் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

சுதன் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பிறகு சிரிப்பு அடங்கி, இரண்டாம் தடவை வாசித்தான். இன்னும் எழுதுங்கோ அக்கா என்றான். அதிலிருந்து அவனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது. நான் கேட்கிற கேள்விக்கு விடை தாளில் வைக்கக் கஷ்டமாக இருந்தால் மாத்தியையே மாற்றிவிடுவான். முதலாம் வரி விளங்கவில்லை என்று மட்டும் சொன்ன மாத்தி, என்ன விளங்கவில்லை, எந்த இடத்தில் என்றும் சொல்லத் தொடங்கியது. நான் கடைசிப் பக்கத்தில், வேலை முடிந்ததும் சொல்ல ஒரு சின்னச் செபமும் எழுதியிருந்தேன். அவனுக்குச் சாமி பூதம் ஒன்றிலும் நம்பிக்கையில்லை. வெட்டிவிடுவான் என்று நினைத்தேன். அதில் இருந்த ஒரு ஒற்றுப் பிழையை மட்டும் திருத்தினான்.

எழுதினால் மட்டும் போதாது என்று ரிஸ்னாவை இருத்தி வாசிக்க வைத்தோம். சுதன் வாய் திறக்கக் கூடாது. அவள் தாளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். எங்கே அவள் நிற்கிறாளோ அங்கே நான் ஒரு புள்ளி வைப்பேன். அவள் நின்ற இடங்களைப் பார்த்தால் தாளுக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

"அக்கா, இதுல கோப்புண்டு எழுதி ஈக்கி. எந்தக் கோப்பு? இங்க மூணு கோப்பு ஈக்கே" என்பாள்.

சுதன் சொல்லப் போவான். நான் விரலைக் காட்டுவேன். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். இப்படியே புள்ளிகள் குறைந்துகொண்டு வந்தன. வெள்ளிக்கிழமை முதலாளிக்கு ஓட்டிக் காட்டுவது என்று வைத்தோம்.

அதற்கு முன்னமே, ஒருநாள் காலையில், சுதன் வரவில்லை. விடியப்புறம் லொட்ஜைச் சுற்றிவளைத்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று லொட்ஜ் மனேஜர் போன் எடுத்துச் சொன்னார். பாஸ்போட்டும் விசாக் கடிதமும் அறைக்குள்ளே. அவன் பொலிசில். முதலாளி சால்வையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். அதே நேரம் படியில் ஒரு மனிதர் ஏறி வருகிறார். அவருடைய தகப்பனாருக்கு அடுத்த நாள் முப்பத்தோராம் நாள். லண்டனிலிருந்து அவருடைய தம்பி எழுதியது விமானம் பிந்தி அப்போதுதான் வந்து சேர்ந்ததாம். கையில் டிஸ்க். மத்தியானத்துக்குள் அச்சில் ஏற்றினால்தான் தைத்துக் கொடுக்கலாம். அடித்து முடிகிற அளவில்லை.

முதலாளி அந்த மனிதரையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை இன்றைக்கே வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"பிள்ளை, அந்தத் தாளை வைச்சுச் செய்து பாருங்கோ. நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் கதிரையில் இருந்தேன். ரிஸ்னா தாளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரியே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். நான் விடையைச் சொல்லிச் சொல்லி அடித்தேன். அந்த மனிதர் வாசலில் நின்று எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அச்சகத்துக்கு வந்தவர், இரண்டு பெண்கள் ஒரு பெட்டிக்கு முன்னால் ஞானோபதேசம் சொல்வதைக் கண்டால் என்ன நினைப்பார்?

கடைசி விடையையும் சொல்லி அடித்துப் பொத்தானைத் தட்டினேன். கோப்பு இல்லை என்றது.

மீண்டும் முதலிலிருந்து. மீண்டும் இல்லை என்றது. டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது. தாளில் ஒரு பிழையும் இல்லை. ரிஸ்னா, சுதன் நானாவக் கேக்கேலுமெண்டா என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். எங்கே போய்க் கேட்பது? அந்நேரம் அவனை எந்த மர வாங்கில் இருத்தி என்னென்ன கேட்டார்களோ.

கண்ணை மூடிக்கொண்டு அந்தோனியாரை நினைத்தேன். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. நினைத்தபடியே சுதனின் கையையும் நினைத்தேன். டிஸ்க்கைப் போட்டதும் அவன் என்ன செய்வான்? எங்களோடு கதைத்துக்கொண்டே இடது கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். திரையைப் பார்க்கவும் மாட்டான். இனி டிஸ்க்கில் பார் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற தட்டு அது. அவனுடைய விரலுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. ஆகவே எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் பின்னால் நின்று பார்த்த எனக்கும் அது வேலையாகவே படவில்லை, விரல் சோம்பல் முறிக்கிற மாதிரி இருந்தது. அந்த இடத்தில் ரிஸ்னா ஒருநாளும் நின்றதில்லை, ஏனென்றால் பழகும்போதெல்லாம் டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தவன் அவன்.

அந்த இரண்டு தட்டையும் தட்டினேன். பிறகு முழு வரியும். பொத்தான்.

வெள்ளைக் கட்டி ஒரு தடவை சிமிட்டியது. வெளியே வந்த கோப்பைத் திறந்தோம். "எங்கள் அப்பா" என்று நின்றது. வாசலில் நின்ற மனிதர் உள்ளே வந்து, குனிந்து, தம்பி எழுதியதை அங்கேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார். வாசிக்க வாசிக்க அவருக்குக் கண்ணால் நீர் ஓடியது. ரிஸ்னா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நான் கடைசிப் பக்கத்துச் செபத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பேனையை எடுத்து, டிஸ்க்கைப் போட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதினேன்.

பின்னேரம் சுதனைக் கூட்டிக்கொண்டு முதலாளி வந்தார். கீழே அச்சு ஓடுகிற சத்தம் அவர்களுக்கு ஒழுங்கை முனையிலேயே கேட்டிருக்க வேண்டும். சுதன் சேட்டில் இரண்டு பொத்தான் இல்லாமல் வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, தனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டான்.

"எங்கையக்கா நிண்டது? முதல் வரியிலயோ?"

"இல்ல தம்பி. நீங்க சொல்லாத வரியில."

தாளின் ஓரத்தில் இருந்ததை வாசித்தான். தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். முதலாளி அவனுடைய முதுகைத் தட்டியபடி, பெட்டி விக்கிறேல்லை என்று மட்டும் சொன்னார். கதிரை எனக்கென்று ஆனது அப்படித்தான்.

போகிறதுக்கு முந்தின நாட்களில் சுதன் தன்னுடைய ஆங்கில வரிகளை மாத்தியிலிருந்து எடுத்துவிட்டு என் கேள்விகளையும் விடைகளையும் அதற்குள்ளேயே வைத்தான். கறுப்புத் திரையில் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ். மாத்தியின் பெயரை அடித்து ஒரு கேள்விக்குறி போட்டால் என் ஞானோபதேசம் முழுவதும் வரிவரியாக இறங்கி வரும். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் குழந்தையை எடுத்துப் பார்க்கிற மாதிரி, வேலை இல்லாத நேரம் அதை அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு மாத்தி எத்தனையோ அப்பாக்களையும் அம்மாக்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. சண்டை நின்றது, மறுபடி தொடங்கியது. இதற்கிடையில் எழுத்துருக்களும் ஒரு ஒழுங்குக்கு வந்தன. எங்கே அடித்தாலும் எங்கேயும் வாசிக்கலாம் என்று ஆனது. மாத்தியின் பழைய பெட்டி மூலைக்குப் போனது. மேலே ஒரு துணி.

ஒருநாள் சுதன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். அவனுடைய அம்மா கடைசி வருடங்களில் வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில்தான் இருந்தா. தெரியும், செத்த வீட்டுக்கு நானும் ரிஸ்னாவும் போயிருந்தோம். அவனால் வர முடியாத காலம். நினைவு மலருக்குத் தான் எழுதியதை ஈமெயிலில் அனுப்புகிறேன் என்றான். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கோப்பைத் திறந்தேன். ஆணியில்லை, கொக்கியில்லை. முதல் வரியிலேயே அவனுடைய அம்மாவின் பெயர் தெளிவாக நின்றது.

"அக்கா, இதுக்கு மாத்தி தேவல்லையே" என்றாள் ரிஸ்னா.

தேவையில்லைதான். ஆனாலும் நான் எழும்பிப் போய் மூலையில் கிடந்த பெட்டியின் துணியை எடுத்தேன். ரிஸ்னா அவன் அனுப்பியதை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்து, என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். தாள் இல்லாமலே கேட்டாள். நான் தாள் இல்லாமலே விடை சொல்லி அடித்தேன். இதற்கென்று வைத்த விதிக் கோப்பில் மாற்றச் சொல்லி ஒன்றும் இல்லை. பொத்தானைத் தட்டினேன். மாத்தி அந்த அம்மாவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் பார்த்து, ஒன்றையும் தொடாமல், போனபடியே வெளியே தந்தது. அதைத்தான் அச்சுக்குக் கொடுத்தோம். சுதனுக்கு இதை நாங்கள் சொன்னதில்லை.

மாத்தி செய்த கடைசி வேலை அது. முதலாளி காலமானார், பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். எங்கள் மேல்மாடி இருந்த உயரத்தில் இப்போது ஒரு தொடர்மாடியின் கார்கள் நிற்கின்றன. பெட்டி இரும்புக்குப் போனது. நினைவு மலர்கள் வெளிநாட்டிலிருந்தே முழுதாகச் செய்து வருகின்றன என்று கேள்வி. சுவரில் ஒட்டியிருந்த என் தாளை நான் கழற்றி எடுக்கவில்லை. மனப்பாடம்தானே, எதற்கு என்று நினைத்தேன்.

மனப்பாடம்தான். அன்றிரவு மகள் தூங்கப் போன பிறகு சொல்லிப் பார்த்தேன், ஒரு கேள்வியும் தவறவில்லை. ஒவ்வொரு விடைக்கும் மேசையில் விரல் தானாக நகர்கிறது. சொன்னதைச் செய்வதற்கு மாத்திதான் இல்லை.